கடன் வாங்கிய கல்லீரல்

விழுங்கிய மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்கும், எந்த அளவுக்குச் செயல்படும் என்பவற்றை அந்த மருந்தின் வேதியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை உருமாற்றி வெளியேற்றும் நொதிகள் கல்லீரலிலும் குடற்சுவரிலும் எவ்வளவு உற்பத்தியாகின்றன என்பதும் அதற்கு நிகரான செல்வாக்குடையது. கொழுப்பில் எளிதில் கரையும் மருந்து சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டாலும் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுக் குருதிக்கே திரும்பிவிடுவதால், உடல் அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிய பின்னரே வெளியேற்ற முடிகிறது. இந்த மாற்றத்தை இரு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஆர். டி. வில்லியம்ஸ். முதற்கட்டத்தில் மருந்தின் மூலக்கூறில் வினைபுரியும் தொகுதி ஒன்று சேர்க்கப்படுகிறது அல்லது மறைந்திருந்தது வெளிக்கொணரப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், அசிட்டைல் தொகுதி போன்ற ஒன்று அதனுடன் இணைக்கப்படுகிறது. முதற்கட்டத்தைத் தாண்டி நேரே இரண்டாவதற்குப் போகும் மருந்துகளும் உண்டு.

முதற்கட்டப் பணியில் பெரும்பங்கு சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிப் பெருங்குடும்பத்தினுடையது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த நிலையில் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் நிறமியாக 1950களின் இறுதியில் தெரியவந்த இப்பொருளுக்கு, அடுத்த சில ஆண்டுகளில் இப்பெயரைச் சூட்டியவர்கள் ஜப்பானிய அறிஞர்களான ட்சுனேயோ ஓமுராவும் ரியோ சாட்டோவும் ஆவர். குடும்பத்தின் உறுப்பினர்களை மருந்தியலார் 3ஏ4, 2டி6, 2சி9 என்று குறிக்கின்றனர். முதல் எண் குடும்பத்தையும், எழுத்து உட்குடும்பத்தையும், கடைசி எண் தனி நொதியையும் சுட்டும். இவற்றுள் 3ஏ4 ஒன்றே இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கையாளுகிறது.

ஒரு நொதிக்கான மரபணு உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருந்தாலும், எந்த உறுப்பில், எந்த வயதில், எந்தத் தூண்டலுக்குப் பின் அது படியெடுக்கப்பட்டுப் புரதமாக உருப்பெறுகிறது என்பது தனிக் கணக்கு. இதையே மரபணு வெளிப்பாடு என்பர். மனிதரில் இந்தக் கணக்கை நேரடியாக அறிவது கடினம். நலமாயிருக்கும் ஒருவரின் கல்லீரலில் ஆய்வுக்காக ஊசி செலுத்தித் திசுவெடுக்க எந்த அறநெறிக் குழுவும் எளிதில் இசைவதில்லை. ஆய்வகங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட துண்டுகளோ, மாற்று அறுவைக்குத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்ட கொடையுறுப்புகளோ ஆகும். அவையும் நோயுற்ற அல்லது இறந்த உடலின் ஒரு கணத்தை மட்டுமே காட்டுகின்றன. மிடசோலம் என்ற மயக்கமருந்தைச் சிறிதளவு கொடுத்து அது குருதியிலிருந்து மறையும் வேகத்தைக் கொண்டு 3ஏ4-இன் செயலையும், காஃபீனைக் கொண்டு 1ஏ2-இன் செயலையும் மறைமுகமாக அளக்க முடியும் என்றாலும், அந்த அளவு ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு அம்முறை விடையளிக்காது. அந்த 'ஏன்' என்பதற்காகத்தான் ஆய்வாளர்கள் விலங்குகளிடம் சென்றனர். அவ்வாறு சென்றவர்களுக்குத் தொடக்கத்திலேயே கிடைத்த பாடம், விலங்குகள் மனிதரிடமிருந்து மட்டுமன்றித் தமக்குள்ளும் பெரிதும் வேறுபடுகின்றன என்பதே.

அமெரிக்கத் தேசிய இதய நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ட்ரூட் க்வின், ஜூலியஸ் ஆக்சல்ராட், பெர்னார்ட் ப்ரோடி ஆகியோர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் நிறுவியது. ஹெக்ஸோபார்பிட்டல் என்ற தூக்கமருந்தை உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம் என்ற கணக்கில் செலுத்தியபோது சுண்டெலி சராசரியாக 12 நிமிடமும், முயல் 49 நிமிடமும், எலி 90 நிமிடமும் உறங்கின. நாயோ அதில் பாதியளவு மருந்துக்கே 315 நிமிடம் உறங்கியது. அவற்றின் கல்லீரலை எடுத்து அரைத்து, அதே மருந்தைச் சிதைக்கும் வேகத்தை அளந்தபோது வரிசை அப்படியே தலைகீழாயிற்று: சுண்டெலியின் கல்லீரல் மிக வேகமானது, நாயினுடையது மிக மந்தமானது. உறக்கத்தின் நீளம் மூளையின் உணர்திறனைவிடக் கல்லீரலின் நொதியளவையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. மருந்தின் அளவு குருதியில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதாவது அரை ஆயுள், சுண்டெலியில் 19 நிமிடமாகவும் மனிதரில் ஏறத்தாழ 360 நிமிடமாகவும் இருந்தது. சுண்டெலியில் பாதுகாப்பானது என்று கண்ட மருந்தளவை உடலெடைக்கேற்பப் பெருக்கி மனிதருக்குக் கொடுப்பது எத்தகைய துணிச்சல் என்பதை இந்த ஓர் எண்ணிணையே உணர்த்தும்.

வேறுபாட்டின் வேர் ஓரளவு மரபணுத் தொகுதியிலேயே உள்ளது. மனிதரிடம் செயல்படும் பி450 மரபணுக்கள் 57. சுண்டெலியிடம் நூற்றுக்கும் மேல். கூடுதலானவை எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை; மருந்துகளைக் கையாளும் 2சி, 2டி, 3ஏ உட்குடும்பங்களில்தான் அவை குவிந்துள்ளன. மனிதரிடம் 2டி உட்குடும்பத்தில் செயல்படுவது 2டி6 ஒன்றே. சுண்டெலியிடம் அவ்வகையில் ஒன்பது உள்ளன. இந்த மிகுதியைக் கண்டு மயங்குவதற்கில்லை. டெப்ரிசோக்வின் என்ற பழைய இரத்த அழுத்த மருந்தை மனிதரின் ஒற்றை 2டி6 சுலபமாக ஆக்சிஜனேற்றம் செய்கிறது. சுண்டெலியின் ஒன்பதும் சேர்ந்து அந்த வேலையைப் பெயரளவுக்கே செய்கின்றன. மறுபக்கத்தில், சில விலங்குகளில் முழு நொதியே இல்லாமற்போயிருக்கிறது. நாய்க்கும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற விலங்குகளுக்கும் அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் 'நாட்' நொதிகளின் மரபணுக்களே கிடையா. பூனையிடம் பாராசிட்டமாலைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைக்கும் நொதியின் மரபணு சிதைந்து செயலிழந்து கிடக்கிறது. மனிதர் தலைவலிக்கு விழுங்கும் ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடியதாக இருப்பதற்கு அதுவே காரணம். புலால் மட்டுமே உண்டு வாழும் விலங்குக்குத் தாவரநச்சுகளை முறிக்கும் நொதி தேவைப்படாததால் அது கைநழுவியது என்று பரிணாம ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சிங்கம் முதலிய பிற பூனையினங்களிலும் அதே சிதைவு காணப்படுவது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

இத்தகைய குறைகளையே ஆய்வாளர்கள் கருவியாக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. காசநோய் மருந்தான ஐசோநியாசிடை அசிட்டைல் ஏற்றி வெளியேற்றுவதில் மனிதர் விரைவாளர், மந்தர் என இரு பிரிவினராக உள்ளனர் என்பதும், அது பரம்பரையாக வரும் பண்பு என்பதும் 1950களிலும் 1960இலும் நிறுவப்பட்டன. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் அன்றைய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தபோது, விரைவாளர்களுக்கு அம்முறையின் பலன் குறைவாயிருப்பதைக் கண்டது. மருந்து சீக்கிரமே உருமாறிப் போய்விடுவதால் அடுத்த வேளை வரை நுண்ணுயிரைக் கட்டுப்படுத்தி வைக்க அது போதவில்லை. இதே இருபிரிவு முயலிலும் இருப்பது 1960களில் தெரியவந்தபோது, மனிதரின் நிலைக்கு அச்சொட்டான மாதிரி கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. மந்த முயலையும் விரைவு முயலையும் வைத்து நொதியின் இயல்பும், அது கல்லீரலில் இருக்கும் இடமும், மருந்தின் நச்சுத்தன்மையோடு அதற்குள்ள உறவும் ஆராயப்பட்டன.

மரபணுவையே படிக்கும் காலம் வந்ததும் படம் மாறியது. மந்த முயலில் அசிட்டைல் ஏற்றும் நொதியின் மரபணு அடியோடு நீங்கியிருந்தது என்று 1989-இல் தெரியவந்தது. மந்த மனிதரிலோ மரபணு இருக்கிறது. அதில் ஓரிரு எழுத்துகள் மாறியிருப்பதால் உற்பத்தியாகும் நொதியின் அளவோ நிலைப்புத்தன்மையோ குறைந்துவிடுகிறது. வெளியில் தெரிந்த விளைவு ஒன்று, உள்ளிருந்த காரணம் வேறு. ஒரு விலங்கு மனிதரின் ஒரு நிலையை ஒத்திருப்பதும் அந்நிலைக்கான காரணத்தை ஒத்திருப்பதும் இருவேறு செய்திகள் என்பதை இவ்வளவு தூய வடிவில் காட்டும் எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது. மந்த முயலைக் கொண்டு, நொதி இல்லாதபோது மருந்து என்ன செய்யும் என்று கேட்கலாம், நம்பகமான விடை கிடைக்கும்; நொதி ஏன் குறைகிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை முயலுக்கு மட்டுமே உரியது. டார்க் அகுட்டி என்ற எலிவகையின் பெண் எலிகள், 2டி6 இல்லாத மனிதருக்கு மாதிரியாக 1980களில் முன்மொழியப்பட்டுப் பல ஆய்வுகளில் பயன்பட்டதும் ஏறத்தாழ இதே கதைதான். எலியில் குறைந்திருந்தது அதன் 2டி உட்குடும்பத்தின் ஒரு நொதி மட்டுமே. மீதியுள்ள சகோதர நொதிகள் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

நொதியின் அளவு பிறப்பிலேயே நிர்ணயமாகிவிடுவதன்று. உட்கொள்ளும் பொருள்களே அதை ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன. ஏற்றுவதற்குத் தூண்டல் என்று பெயர். இத்துறையின் மிக அழகிய பக்கங்கள் இதைப் பற்றிய ஆய்வுகளிலேயே உள்ளன. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தை உட்கொள்ளும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலனளிக்காமற்போவது 1970களின் தொடக்கத்திலேயே மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. ரிஃபாம்பிசின் கல்லீரலிலும் குடலிலும் 3ஏ4-இன் உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்கிவிட, மாத்திரையிலுள்ள ஹார்மோன் வழக்கத்தைவிட விரைவில் சிதைந்துவிடுகிறது. எச்.ஐ.வி. மருந்துகள், வார்ஃபரின், மாற்றுறுப்பு பெற்றோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் எனப் பலவும் இதே சிக்கலுக்கு உள்ளாகின்றன. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாட்டில் இது ஏட்டளவிலான செய்தி அன்று.

இந்தத் தூண்டலை எலியில் ஆராய முயன்றவர்கள் ஏமாந்தனர். எலியின் 3ஏ நொதிகள் ரிஃபாம்பிசினுக்கு அசைந்து கொடுக்கவில்லை. அதே எலியில் ப்ரெக்னெனோலோன் கார்போநைட்ரைல் என்ற செயற்கை ஸ்டீராய்டு அந்நொதிகளை வெகுவாகப் பெருக்கியது. ஆனால் அது மனிதரின் கல்லீரல் உயிரணுக்களில் எதையும் செய்யவில்லை. முயல் ரிஃபாம்பிசினைப் பொறுத்தமட்டில் மனிதரின் பக்கம் நின்றது. இவ்வேற்றுமைக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியமாயின: ஒன்று, அந்தந்த விலங்கின் 3ஏ மரபணுவிலேயே ஆணையை ஏற்கும் பகுதி வேறுபட்டிருக்க வேண்டும், அல்லது ஆணையிடும் புரதம் வேறுபட்டிருக்க வேண்டும். பிலிப் குசேலியனின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்க்கும் வழியைக் காட்டியது. மனிதரின் 3ஏ மரபணுவிலிருந்தும் முயலின் 3ஏ மரபணுவிலிருந்தும் கட்டுப்பாட்டுப் பகுதிகளை வெட்டியெடுத்து, அவற்றை எலியின் கல்லீரல் உயிரணுக்களிலும் முயலின் கல்லீரல் உயிரணுக்களிலும் மாற்றிமாற்றிப் புகுத்தினர். விடை ஐயத்துக்கு இடமின்றி வந்தது: முயலின் உயிரணுவுக்குள் இருந்தவை ரிஃபாம்பிசினுக்குப் பணிந்தன, எலியின் உயிரணுவுக்குள் இருந்தவை பணியவில்லை; மரபணுத் துண்டு எங்கிருந்து வந்தது என்பது பொருட்டாகவே இல்லை. இரண்டு வீடுகளில் ஒரே விளக்கு தொங்கினாலும், ஒரு வீட்டின் பொத்தான் இன்னொரு வீட்டுக்காரரின் விரலுக்கு எட்டாத இடத்தில் இருப்பது போன்ற நிலை இது.

அந்தப் பொத்தான் இரண்டே ஆண்டுகளில் கைக்கு வந்தது. 1998-இல் அமெரிக்காவில் கிளாக்ஸோ நிறுவனத்தின் ஸ்டீவன் கிளீவர் குழுவும், சால்க் ஆய்வு நிறுவனத்தின் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியே ஒரே உட்கரு ஏற்பியை அடையாளம் கண்டன. உட்கரு ஏற்பி என்பது, வெளியிலிருந்து வரும் சிறு மூலக்கூறு தன்மீது பொருந்தியதும் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சென்று அமர்ந்து படியெடுப்பைத் தொடங்கி வைக்கும் புரதம். பிஎக்ஸ்ஆர் என்று இப்போது வழங்கும் இவ்வேற்பியில் மரபணுவைப் பற்றும் பகுதி எலிக்கும் மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, மருந்து வந்து பொருந்தும் பகுதியோ நான்கில் மூன்று பங்கு அளவுக்கே ஒத்திருக்கிறது. உட்கரு ஏற்பிகளிடையே இவ்வளவு தளர்ந்த ஒற்றுமை வழக்கத்துக்கு மாறானது. எலியின் ஏற்பியில் குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலத்தை மனிதரின் ஏற்பியில் உள்ளதாக மாற்றினால் அது ரிஃபாம்பிசினை அடையாளம் காணத் தொடங்குகிறது என்பதும் பின்னர் காட்டப்பட்டது. எவன்ஸின் குழு 2000-ஆம் ஆண்டில் சுண்டெலியின் பிஎக்ஸ்ஆர் மரபணுவை நீக்கி, மனிதரின் ஏற்பியை அதன் கல்லீரலில் குடியேற்றியது. அச்சுண்டெலியின் நொதிகள் முழுக்கச் சுண்டெலியினுடையவையாகவே இருந்தும், மனிதரைப்போல ரிஃபாம்பிசினுக்குப் பெருகின. எலிக்குரிய ஸ்டீராய்டைக் கண்டுகொள்ளவில்லை. மனிதக் கூறு ஒன்றை மட்டும் தாங்கிய இத்தகைய விலங்கை மனிதமயமாக்கப்பட்ட சுண்டெலி என்பர்.

மருந்து நிறுவனங்கள் பல்லாண்டுகளாக எலியில் தூண்டல் சோதனை நடத்தி, அதன் முடிவை மனிதருக்குப் பொருத்த முயன்றதன் பயன் எவ்வளவு என்று கேட்டால், எந்த மருந்து தூண்டும், எது தூண்டாது என்ற வினாவுக்கு மிகக் குறைவு என்றே சொல்ல வேண்டும். ஆனால் எலியும் முயலும் முரண்பட்டதால்தான் அந்த ஏற்பியைத் தேடும் எண்ணமே பிறந்தது. மனிதரோடு முழுமையாக ஒத்துப்போகும் விலங்கு ஒன்று கிடைத்திருந்தால், இந்தப் பொறிமுறை இன்னும் நெடுங்காலம் புதைந்தே கிடந்திருக்கக்கூடும்.

பாலின வேறுபாட்டிலும் எலி இதே போன்ற இருமுகத்தைக் காட்டுகிறது. ஹெக்ஸோபார்பிட்டலுக்கு ஆண் எலியைவிடப் பெண் எலி மிகுதியாக உறங்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. வளர்ந்த ஆண் எலியின் கல்லீரலில் 2சி11 என்ற நொதி ஏராளம், பெண் எலியில் அது இல்லை எனலாம். பெண் எலியில் 2சி12 மிகுதி, ஆணில் அது இல்லை. காரணம் பாலின ஹார்மோன்களின் நேரடி ஆணை அன்று என்பதைச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்தாஃப்சனின் குழுவினர் விளக்கினர். பிட்யூட்டரி சுரப்பி ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோனை ஏறத்தாழ மூன்றரை மணிக்கொருமுறை அலையலையாகச் சுரக்கிறது. பெண்ணில் அது ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. ஆண் எலிக்கு அந்த ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் அதன் கல்லீரல் பெண் எலியின் நொதிவரிசைக்கு மாறிவிடுகிறது. ஹார்மோனின் அளவைக் கல்லீரல் பொருட்படுத்தாமல் அதன் தாளத்தைப் படிக்கிறது என்ற இக்கண்டுபிடிப்பு உயிரியலின் பொதுச்சொத்து. ஆனால் மனிதரிடம் இவ்வளவு கூர்மையான பிளவு இல்லை. பெண்களின் கல்லீரலில் 3ஏ4 சற்றுக் கூடுதலாக இருப்பது போன்ற மிதமான வேறுபாடுகளே உள்ளன. ஆண் எலிகளை மட்டும் வைத்துப் பெற்ற அளவை மனித ஆணுக்கோ, பெண் எலியில் கண்டதை மனிதப் பெண்ணுக்கோ பொருத்துவது அடிப்படையற்றது.

மனிதமயமாக்கப்பட்ட சுண்டெலிகளின் வரிசை 2000-க்குப் பிறகு வேகமாக வளர்ந்தது. நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் ஆல்ஃபிரட் ஷிங்கலின் குழு 2007-இல் சுண்டெலியின் 3ஏ மரபணுக்களை ஒட்டுமொத்தமாக நீக்கியபோது, இத்தனை இன்றியமையாதனவாகக் கருதப்பட்ட நொதிகள் இல்லாமலே அவை நலமாக வாழ்ந்து இனப்பெருக்கமும் செய்தன. டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தபோது மட்டும் அதை வெளியேற்ற முடியாமல் தவித்தன. பின்னர் மனிதரின் 3ஏ4 மரபணுவை ஒரு வகையில் கல்லீரலுக்குள் மட்டும், இன்னொரு வகையில் குடலுக்குள் மட்டும் வெளிப்படுமாறு பொருத்தினர். குடலில் மட்டும் நொதியிருந்தபோது வாய்வழி கொடுத்த மருந்து குருதியை எட்டுவது வெகுவாகக் குறைந்தது. கல்லீரலில் மட்டும் இருந்தபோது குருதியில் ஏற்கெனவே சேர்ந்த மருந்து விரைந்து நீங்கியது. ஒரே நொதி இரண்டு உறுப்புகளில் செய்யும் பணியை இவ்வாறு பிரித்துப் பார்ப்பது மனிதரில் நினைத்தும் பார்க்க முடியாதது.

கருவுற்ற காலம் பற்றிய ஆய்வு இன்னும் நுட்பமானது. கருவுற்ற பெண்களின் உடலில் மெட்டோப்ரோலால் போன்ற, 2டி6-ஐச் சார்ந்த மருந்துகள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு விரைவாக வெளியேறுகின்றன என்பது 1980களிலேயே அளக்கப்பட்டிருந்தாலும், 2டி6 மற்ற பி450 நொதிகளைப்போல மருந்துகளால் தூண்டப்படாத பிடிவாதமான நொதி என்பதால் இது புதிராகவே நீடித்தது. கருவுற்ற பெண்ணின் கல்லீரலைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. மனிதரின் 2டி6 மரபணுவை அதன் கட்டுப்பாட்டுப் பகுதியோடு சேர்த்துத் தாங்கிய சுண்டெலிகளை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஃபிராங்க் கொன்சாலஸின் குழு முன்னரே உருவாக்கியிருந்தது. இச்சுண்டெலிகள் சினையுற்றபோது 2டி6-இன் வெளிப்பாடு உயர்ந்தது. சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹியுன்யங் ஜியோங்கின் குழு அதன் காரணத்தைப் பின்தொடர்ந்து, 2டி6 மரபணுவை இயக்கும் ஒரு புரதத்துக்குத் தடையாக நிற்கும் இன்னொரு புரதம் சினைக்காலத்தில் குறைந்துவிடுகிறது என்று 2014-இல் காட்டியது. அளவைக் கூட்டும் ஆணை புதிதாக வரவில்லை. இருந்த கடிவாளம் தளர்ந்திருக்கிறது.

புதிதாய்ப் பிறந்த குழந்தையின் மஞ்சள்காமாலையிலும் இத்தகைய சுண்டெலி ஒன்றே வெளிச்சம் காட்டியது. பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைக்கும் நொதி, பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் மிகக் குறைவாக இருந்து மெல்லமெல்லவே பெருகுகிறது. சாதாரணச் சுண்டெலிக் குட்டிகளுக்கு இத்தாமதம் இல்லாததால் அவற்றுக்கு இக்காமாலையும் வருவதில்லை. கலிபோர்னியாவில் ராபர்ட் டக்கியின் குழு சுண்டெலியின் அந்த மரபணுத் தொகுதியை நீக்கி மனிதரின் முழுத் தொகுதியையும் புகுத்தியபோது, குட்டிகளுக்குக் கடுமையான காமாலை ஏற்பட்டதாக 2010-இல் அறிவித்தது. தாய்ப்பால் குடலில் அந்நொதியின் வெளிப்பாட்டைத் தடுத்துவைக்கிறது என்பதும் இச்சுண்டெலிகளிலேயே தெரிந்தது. இங்கே ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. ரிஃபாம்பிசின் ஆய்வில் மரபணுத் துண்டு யாருடையது என்பது பொருட்டில்லை, அது குடியிருந்த உயிரணுவே விடையை நிர்ணயித்தது. காமாலைச் சுண்டெலியிலோ உயிரணு முழுக்கச் சுண்டெலியினுடையது. இருந்தும் மனித மரபணு தன் காலக்கணக்கைத் தன்னோடு சுமந்து வந்து, அந்நிய உடலிலும் தாமதமாகவே விழித்துக்கொண்டது. வெளிப்பாட்டின் கட்டுப்பாடு சிலவேளை மரபணுவை ஒட்டியும் சிலவேளை சூழ்ந்துள்ள உயிரணுவிலும் இருப்பதால், எந்தக் கூறைக் கடன் வாங்குவது என்ற முடிவே ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் தீர்மானிக்கிறது.

மரபணு மரபணுவாக மாற்றுவதற்குப் பதில் கல்லீரலையே மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி இல்லாத, நோயெதிர்ப்பும் அற்ற சுண்டெலிகளை ஓரிகன் மாநிலத்தில் மார்க்கஸ் கிராம்பியின் குழு 2007-இல் உருவாக்கியது. அவற்றை உயிருடன் காத்துவந்த மருந்தை நிறுத்தியதும் அவற்றின் சொந்தக் கல்லீரல் உயிரணுக்கள் நச்சேறி மடிய, செலுத்தப்பட்ட மனித உயிரணுக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றிலும், ஜப்பானில் வேறொரு முறையில் உருவான சுண்டெலிகளிலும், கல்லீரலின் பெரும்பகுதி மனித உயிரணுக்களாலேயே ஆனது. இத்தகைய விலங்கின் தேவையை உணர்த்திய சோகம் 1993-இல் நிகழ்ந்தது. ஃபியாலுரிடின் என்ற ஹெபடைடிஸ் பி மருந்து விலங்குச் சோதனைகளைக் கடந்து வந்து, அமெரிக்காவில் 15 பேரிடம் சோதிக்கப்பட்டபோது 7 பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, 5 பேர் இறந்தனர், மாற்றுக் கல்லீரல் பெற்ற இருவர் பிழைத்தனர். மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டு சேர்க்கும் கடத்திப் புரதம் மனிதரில் அங்கே அமைந்திருக்க, எலியினங்களில் அது அங்கே இல்லை என்பது பிற்பாடு தெரிந்த காரணங்களுள் ஒன்று. மனிதக் கல்லீரல் தாங்கிய சுண்டெலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அந்நச்சு வெளிப்படையாகத் தோன்றியதை 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இச்சுண்டெலியும் முழுமையானது அன்று. அதன் குடல், சிறுநீரகம், குருதியோட்டம் எல்லாம் சுண்டெலியினுடையவையே. எஞ்சிய சொந்தக் கல்லீரல் உயிரணுக்களும் தம் பங்குக்கு மருந்தைச் சிதைப்பதால் அளவீடு கலங்குகிறது. நோயெதிர்ப்பு இல்லாததால், அழற்சி ஏற்படும்போது பி450 நொதிகளின் உற்பத்தி தாழும் முக்கியமான நிகழ்வை அதில் ஆராய இயலாது. எல்லாவற்றினும் விந்தையானது, எலியின் பாலின வேறுபாட்டில் மையப்பங்கு வகித்த அந்த வளர்ச்சி ஹார்மோன்தான். சுண்டெலியின் வளர்ச்சி ஹார்மோனை மனிதரின் ஏற்பி அடையாளம் காண்பதில்லை. எனவே சுண்டெலிக்குள் குடியேறிய மனிதக் கல்லீரல், ஹார்மோன் வற்றிய உடலில் இருப்பது போலவே நடந்துகொண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. மனித வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்தியதும் அக்கொழுப்பு குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

ஒழுங்குமுறை அமைப்புகளின் நடைமுறையும் இதற்கேற்ப நகர்ந்துள்ளது. புதிய மருந்து நொதிகளைத் தூண்டுமா என்று அறிய எலியை நம்பும் வழக்கம் ஏறத்தாழக் கைவிடப்பட்டு, வெவ்வேறு கொடையாளர்களின் மனிதக் கல்லீரல் உயிரணுக்களில் 1ஏ2, 2பி6, 3ஏ4 ஆகியவற்றை அளப்பதே எதிர்பார்க்கப்படும் முறையாகிவிட்டது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்ட நிபந்தனையை அமெரிக்கா 2022-இன் இறுதியில் தளர்த்தியது; இந்தியாவும் 2023-இல் தன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித உயிரணு சார்ந்த மாற்று முறைகளுக்கு இடமளித்தது. தட்டில் வளரும் கல்லீரல் உயிரணு ஒரு மருந்து 3ஏ4-ஐக் கூட்டுமா என்று சொல்லிவிடும். ஆனால் அது கருவுறுவதில்லை, தாய்ப்பால் குடிப்பதில்லை, பிட்யூட்டரியின் தாளத்தைக் கேட்பதில்லை. தட்டில் வைத்த ஓரிரு நாளிலேயே அதன் சொந்த பி450 உற்பத்தியும் வேகமாகச் சரியத் தொடங்குகிறது. உடல் முழுவதும் சேர்ந்து ஒரு நொதியின் அளவை எவ்வாறு ஏற்றி இறக்குகிறது என்ற வினாக்களுக்கு, எந்தக் கூறு மனிதருடையது, எது சுண்டெலியுடையது என்று துல்லியமாகத் தெரிந்த விலங்குகளையே ஆய்வகங்கள் இன்னும் நாடுகின்றன.